கொலராடோ பழுப்புக் கறை: எனாமல் சொன்ன சாட்சி

1901-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து முடித்திருந்த பிரெடரிக் மெக்கே என்ற இளைஞர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கிளினிக் தொடங்கினார். அமெரிக்காவின் மேற்கே, பைக்ஸ் சிகரத்தின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் வாயைத் திறந்ததும் அவருக்கு ஒன்று கண்ணில் பட்டது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பல்லில் கறை. சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளைத் திட்டுகள், சிலருக்கு மஞ்சள், சிலருக்கு முன்பல் முழுக்கச் சாக்லேட் நிறம். வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கோ அப்படி எதுவும் இல்லை.

புத்தகங்களைப் புரட்டினார். எதிலும் இல்லை. ஊரார் அதற்குக் 'கொலராடோ பழுப்புக் கறை' என்று பெயர் வைத்து, காரணத்தையும் ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள்: பன்றிக்கறி அதிகம் தின்பதால், பால் மட்டமாக இருப்பதால், தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாக இருப்பதால். மெக்கேவின் சக மருத்துவர்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியில்லை, பிறகென்ன என்பதுதான் அவர்கள் எண்ணம்.

இந்த நிகழ்வைப் பொதுச் சுகாதார வரலாறாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் பல்லின் திசுக்களை முன்னால் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். மருத்துவர்கள் முப்பது ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்த விடையின் முக்கால் பங்கு, கறை படிந்த அந்தப் பற்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

முதல் கேள்வி: கறை எங்கே இருக்கிறது?

பல் கறை என்று வருபவரிடம் முதலில் பார்ப்பது, அது மேலே ஒட்டியதா, உள்ளே இருப்பதா என்பதைத்தான். வெற்றிலை, டீ, புகையிலைக் கறைகள் மேலே ஒட்டுபவை. கிளீனிங் செய்தால் போய்விடும். கொலராடோ கறையோ பல்லோடு பல்லாகக் கலந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

உள்ளே இருக்கும் கறை என்றால் எந்தத் திசுவில்? வெட்டிப் பார்த்தால் பல் ஒரே பொருள் அல்ல. மேலே தொப்பிபோலக் கவிந்திருப்பது எனாமல். அதன் அடியில் பல்லின் உடம்பாக நிற்பது டென்டின். ஈறுக்குள் வேரின் மேல் பூசியிருப்பது சிமென்டம். நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். இந்த நான்கில் மற்ற மூன்றும் ஏதோ ஒரு வகையில் உயிரோடு இருப்பவை. எனாமல் மட்டும் அப்படியல்ல. இந்த வேறுபாட்டில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

பல்லைக் குறுக்கே தேய்த்துப் பார்த்தால்

பல் மருத்துவக் கல்லூரியில் முதல் ஆண்டு மாணவர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. பிடுங்கிய பல்லை எடுத்துச் சாணைக்கல்லில் இருபுறமும் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சில்லாக்க வேண்டும். கடைசி மெருகுக்கு ஆர்கன்சா கல் என்ற நயமான சாணைக்கல். விரல் நுனியில் சுண்ணாம்புக் கூழ் மாதிரி பல் தூள் ஒட்டும். கொஞ்சம் கை தவறினாலும் எனாமல் உடைந்து தனியே போய்விடும், டென்டின் மட்டும் மிஞ்சும். அப்படி உடைத்த யாருக்கும் இரண்டு திசுக்களின் குணமும் பிறகு மறக்காது.

எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. மிச்சம் நீரும் மிகச் சிறிதளவு கரிமப் பொருளும். அந்தத் தாது ஹைட்ராக்சி அபடைட் எனப்படும் கால்சியம் பாஸ்பேட் படிகம். கடைவாய்ப் பல்லின் முகட்டில் எனாமல் 2.5 மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும், கழுத்துப் பகுதிக்கு வரும்போது கத்தி முனைபோல மெலிந்துவிடும். படிகங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கம்பிபோல ஒரு கட்டாகின்றன. 4, 5 மைக்ரான் அகலமுள்ள இந்தக் கட்டுக்குத்தான் எனாமல் பிரிசம் என்று பெயர். டென்டின் எல்லையிலிருந்து பல்லின் மேற்பரப்பை நோக்கி லட்சக்கணக்கான பிரிசங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நேராகப் போகாமல், ஒன்றோடொன்று பின்னியதுபோல வளைந்து போகும். அப்படி இல்லாவிட்டால், முறுக்கைக் கடிக்கும்போது விழும் ஒரு விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடிவிடும்.

டென்டின் வேறு சாதி. தாது சுமார் 70 சதவீதம், கரிமப் பொருள் 20, நீர் 10. கரிமப் பொருளில் பெரும்பகுதி கொலாஜன், நம் எலும்பிலும் தோலிலும் உள்ள அதே புரதம். அதனால் டென்டின் சற்று வளைந்து கொடுக்கும். கண்ணாடிபோல நொறுங்கக் கூடிய எனாமலுக்கு அடியில் மெத்தையாக நின்று கடியின் வேகத்தைத் தாங்குவது இதுதான். நிறம் இள மஞ்சள். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள் என்பதால், நாம் பல்லின் நிறம் என்று பார்ப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் டென்டினின் மஞ்சளைத்தான். பால்போல வெளுத்த பல்தான் ஆரோக்கியமான பல் என்று நம்புபவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டென்டினுக்குள் பற்கூழிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி நுண்குழாய்கள் ஓடுகின்றன. பற்கூழ் அருகே ஒரு சதுர மில்லிமீட்டரில் 45,000-க்கு மேல். எனாமல் எல்லைக்கு வரும்போது எண்ணிக்கையும் குறையும், குழாயின் அகலமும் குறையும். ஈறு இறங்கிய பல்லில் ஐஸ் வாட்டர் பட்டால் சுரீரென்று கூசுகிறதே, அது இந்தக் குழாய்களுக்குள் இருக்கும் திரவம் அசைவதால். குழாய்களுக்குள் கை நீட்டியபடி, பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஒடோன்டோபிளாஸ்ட் செல்கள் ஆயுள் முழுக்க டென்டினைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. சொத்தை நெருங்கினால் அவசரமாக ஒரு சுவரும் எழுப்பும்.

சிமென்டம் இந்த நிகழ்வில் அதிகம் பேசாத சாட்சி. பாதிக்குப் பாதி தாது, எலும்பை ஒத்தது. வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்களின் ஒரு நுனி இதில்தான் புதைந்திருக்கிறது.

இப்போது எனாமலுக்கே திரும்புவோம். எனாமலைக் கட்டுபவை அமெலோபிளாஸ்ட் என்ற செல்கள். பல் தாடைக்குள் இருக்கும்போதே இவை வேலையைத் தொடங்கி, நாளொன்றுக்குச் சுமார் 4 மைக்ரான் வீதம் அடுக்குகின்றன. நுண்ணோக்கியில் அந்தத் தினசரி வரிகள் தெரியும். ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறை விழும் தடித்த கோடுகளும் தெரியும். அவற்றுக்கு ரெட்சியஸ் கோடுகள் என்று பெயர். பிறக்கும் முன் தொடங்கிய பற்களில், குழந்தை பிறந்த நாளின் அதிர்ச்சிகூட ஒரு கோடாகப் பதிந்திருக்கும். வேலை முடிந்து பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போது அமெலோபிளாஸ்டுகள் அழிந்துவிடுகின்றன. அதன் பிறகு எனாமலைத் திருத்தி எழுத ஆளில்லை. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் அன்று விழுந்த பிழை அப்படியே நிற்கும், எந்த வயதில் விழுந்தது என்ற விவரத்தோடு.

பிளாக் வந்தார்

மெக்கே தனியாளாக முட்டிக்கொண்டிருந்தபோது, சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல் மருத்துவக் கல்லூரியின் டீன் ஜி.வி. பிளாக்கை இந்த விஷயத்துக்குள் இழுத்தார். சொத்தைக் குழிகளை ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இன்றும் நம் மாணவர்கள் எழுதும் வகைப்பாடு இவருடையது. அந்த ஊரில் பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குக் கறை இருப்பதாகக் கணக்கெடுப்பு காட்டியது. 1909-இல் பிளாக் கொலராடோவுக்கு நேரில் வந்தார். இப்படிப் பரவலான ஒன்று பல் மருத்துவ நூல்களில் இடம்பெறாமலே போனது அவரை உலுக்கியது. 1915-இல் இறக்கும் வரை ஆறு ஆண்டுகள் இதில் உழைத்தார்.

கறை படிந்த பற்களை அவர் சில்லாக்கிப் பார்த்தார். கோளாறு முழுவதும் எனாமலின் வெளிப்புற அடுக்கில் இருந்தது. பிரிசங்கள் இருந்தன. ஆனால் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்க வேண்டிய இடைப்பொருள் குறைபட்டுக் கிடந்தது. டென்டின் சரியாகத்தான் இருந்தது.

மருத்துவராக இந்த இடத்தில் நான் நிறையவே நின்று பார்ப்பதுண்டு, காரணம் இது வேறு நோய்களை ஒவ்வொன்றாக விலக்கும் இடம். சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் பல் உள்ளிருந்து கறுக்கும்; ஆனால் அந்த மருந்து பிரதானமாக டென்டினில் தங்கி, சாம்பல் பட்டைகளாகத் தெரியும். பரம்பரையாக வரும் எனாமல் குறைபாடு குடும்பத்தோடு போகும். கொலராடோவில் தெளிவான பற்களோடு குடியேறிய பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தைகளுக்குக் கறை இருந்தது. அப்படியானால் ரத்தத்தில் வந்ததல்ல, ஊரில் இருந்து வந்தது. எனாமலில் மட்டும், அதுவும் இடமும் வலமும் ஒத்துப்போகும் ஜோடிப் பற்களில் இருப்பதால், அந்தப் பற்கள் உருவான காலத்தில் உடல் முழுவதும் ஏதோ பரவியிருந்திருக்கிறது.

பிளாக்கும் மெக்கேயும் இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள். ஒன்று, நிலைப்பல் உருவாகி முடிந்த பிறகு ஊருக்கு வந்தவர்களுக்கு ஆபத்தில்லை. உருவாகும் வயதில் அங்கே இருந்தவர்களுக்குத்தான் கறை. இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது. இவ்வளவு குறைபட்ட எனாமல் சீக்கிரம் சொத்தையாக வேண்டும். ஆகவில்லை. அந்தப் பற்கள் சொத்தையை எதிர்த்து நின்றன.

தண்ணீர் மாறியபோது

1923-இல் மெக்கே ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே தாய்மார்களே விடையைச் சொல்லிவிட்டார்கள்: ஐந்து மைல் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் பொதுக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பற்கள் இப்படி முளைக்கின்றன. மெக்கே தண்ணீரைச் சோதித்தார், எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊர் கேட்டது. சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் தெளிவாக முளைத்தன. மூத்தவர்களின் கறை போகவில்லை, போகாது. அண்ணனுக்குக் கறை, தம்பிக்கு இல்லை. இதைவிடத் தெளிவான பரிசோதனையை ஆய்வகத்தில் செய்திருக்க முடியாது.

அடுத்தது ஆர்கன்சா மாநிலத்தின் பாக்சைட். அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் சுரங்க ஊர். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கறை, ஐந்து மைல் தள்ளி இருந்த ஊரில் இல்லை. மெக்கேயும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் குரோவர் கெம்ப்பும் நேரில் போய்ப் பார்த்து எழுதினார்கள். அந்த அறிக்கை அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில் மேசைக்கு வந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் நஞ்சு என்று கிளம்பியிருந்த பேச்சை மறுக்க வேண்டிய நிலையில் இருந்தவர் அவர். பழி தம் நிறுவனத்தின் மேல் விழுமோ என்ற கவலையோடு, வழக்கமான சோதனைகளை விட்டுவிட்டு நிறமாலைப் பகுப்பாய்வு செய்யச் சொன்னார். வந்த விடையை அவரே நம்பவில்லை, வேறு மாதிரி அனுப்பச் சொன்னார். மீண்டும் அதே விடை: ஃப்ளோரைடு.

1931-இல் சர்ச்சில் வெளியிட்ட அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இவை. பாக்சைட்டின் ஆழ்கிணற்று நீரில் 13.7. ஓக்லியில் 6. கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2. அதே ஆண்டு அரிசோனா பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஃப்ளோரைடு கொடுத்து அதே எனாமல் குறையை உண்டாக்கிக் காட்டினார்கள். பைக்ஸ் சிகரத்தின் கிரானைட் பாறை ஃப்ளோரின் தாதுக்கள் நிறைந்தது. பனி உருகி அந்தப் பாறையின் மேல் ஓடி வந்த நீரைத்தான் கொலராடோ ஸ்பிரிங்ஸ் தலைமுறை தலைமுறையாகக் குடித்திருக்கிறது.

ஃப்ளோரைடு எனாமலுக்குள் என்ன செய்கிறது

அமெலோபிளாஸ்டுகள் எனாமலை ஒரே மூச்சில் கட்டுவதில்லை. முதலில் அமெலோஜெனின் முதலிய புரதங்களாலான மென்மையான ஒரு வார்ப்பைப் போட்டு, அதில் மெல்லிய படிகங்களை நிறுத்துகின்றன. அந்தக் கட்டத்தில் தாது 30 சதவீதம் அளவுதான் இருக்கும். பிறகு முதிர்வுக் கட்டம். நொதிகள் புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகின்றன, செல்கள் அதை வெளியே இழுத்துக்கொள்கின்றன, காலியான இடத்தில் படிகங்கள் பருத்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. கட்டடத்துக்குப் போட்ட மரச் சாரத்தைப் பிரித்து எடுப்பதுபோல, புரதம் வெளியேறிய பிறகுதான் எனாமல் முழு வலு பெறும். ஃப்ளோரைடு மிகுந்தால் இந்தப் புரதம் வெளியேறுவது தாமதப்படுகிறது. சாரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. படிகங்களுக்கு இடையே நுண்துளைகள் மிஞ்சிவிடுகின்றன. பல்லின் மேற்பரப்பு மெல்லியதாக இறுகிவிட, அதற்குச் சற்று அடியில் இந்தத் துளை அடுக்கு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சந்தேகமுள்ள முன்பல்லின் மேல் எச்சில் ஈரம் இருக்கும்போது திட்டு மங்கலாகத் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. ஏர் சிரிஞ்சை எடுத்துச் சில நொடிகள் காற்று அடித்தால், பிறை வடிவில், குறுக்குக் கோடுகளாக, வெள்ளை பளிச்சென்று எழுந்து வரும். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, நீருடையது 1.33, காற்றுடையது 1. துளைக்குள் நீர் இருந்தபோது ஓரளவு கடந்துபோன ஒளி, நீர் போய்க் காற்று வந்ததும் சிதறித் திரும்புகிறது. ஈரம் ஊறியதும் திட்டு மறுபடி அடங்கிவிடும். ஃப்ளோரைடு மிகுதியால் வரும் இந்தக் கோளாறான ஃப்ளோரோசிஸுக்கு 1978-இல் தில்ஸ்ட்ரப்பும் ஃபெயர்ஸ்கோவும் வகுத்த அளவுகோல் பல்லை உலர்த்திவிட்டுத்தான் பார்க்கச் சொல்கிறது.

பழுப்பு நிறம் ஃப்ளோரைடின் நிறமல்ல. இப்படிப்பட்ட பல் முளைக்கும்போது வெளுப்பாகத்தான் முளைக்கிறது. வாய்க்குள் வந்த பிறகு, உணவிலும் பானத்திலும் உள்ள நிறப்பொருள் அந்தத் துளைகளில் ஊறி வருடக்கணக்கில் பழுப்பாகிறது. மோசமான பற்களில் காணும் குழிகளும் அப்படித்தான். மெல்லிய மேற்பரப்பு மெல்லும் அழுத்தத்தில் உடைந்து விழுந்தவை.

சொத்தை குறைவதற்குக் காரணம் வேதியியல். ஹைட்ராக்சி அபடைட்டில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் ஃப்ளோரைடு அமர்ந்தால் படிகம் இன்னும் இறுக்கமாகிறது. வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கி அமிலத்தன்மை கூடும்போது சாதாரண எனாமல் கரையத் தொடங்கும். ஃப்ளோர் அபடைட் சுமார் 4.5 வரை தாங்கும். ஆனால் இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி, பல் முளைத்த பிறகு அதன் மேற்பரப்பில் தொடர்ந்து படும் சிறிதளவு ஃப்ளோரைடால் வருவது என்றே இன்று புரிந்துகொள்கிறோம். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் பல் மருத்துவர் டிரென்ட்லி டீன் அந்நாட்டு ஊர்களின் பற்களையும் நீரையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் கறை பெரிதாகத் தெரியாமல் சொத்தை குறைகிறது என்று காட்டினார். 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கத் தொடங்கியது. அது தனிக் கதை.

நம் பக்கத்துப் பற்கள்

நமக்கு ஃப்ளோரைடைச் சேர்க்கும் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை, குறைக்கும் கேள்விதான். 1937-இல் ஷார்ட் முதலிய ஆய்வாளர்கள் மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃப்ளோரோசிஸ் இருப்பதை எழுதினார்கள். அங்கே பல்லோடு நிற்காமல் எலும்பையும் முடக்கியிருந்தது. இலங்கையின் உலர் வலயத்தில் அனுராதபுரம் பக்கம் இதே கறை உண்டு. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை எல்லோரும் அறிவார்கள். கருங்கல் பாறை இடுக்கில் தங்கிய போர்வெல் நீரில் ஃப்ளோரைடு கூடுகிறது. இந்தியத் தர அமைப்பின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்கள் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான்: "டாக்டர், காலையும் ராத்திரியும் தேய்க்கச் சொல்றேன், கறை போகவே மாட்டேங்குது. ஒழுங்கா தேய்க்கறதில்ல போல." பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருக்கும். அந்தப் பிள்ளைமேல் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், அதுவும் பிள்ளை காதில் விழும்படி. "இது தேய்க்காததால வந்தது இல்லம்மா. குழந்தையா இருக்கும்போது குடிச்ச தண்ணியால வந்தது." சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள் போட்டுத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மெலிந்த மேற்பரப்பை அது இன்னும் அறுத்துவிடும். லேசான கறைக்கு அமிலமும் நுண்பொடியும் சேர்த்து மேலடுக்கை மிகச் சிறிதளவு சீவுவதும், துளைகளுக்குள் ரெசின் ஊறவைப்பதும் பலன் தரும். ரெசினின் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு நெருக்கம் என்பதால் திட்டு அடங்கிவிடுகிறது; ஏர் சிரிஞ்சில் பார்த்ததன் மறுபக்கம் அது. குழி விழுந்த பல்லுக்கு மேல்பூச்சு கட்ட வேண்டியிருக்கும்.

ஒரே வாய்க்குள் ஓக்லியைப் பார்ப்பதும் உண்டு. முன்பல்லின் தலைப்பகுதி பிறந்து சில மாதங்களில் தாதுப் பிடிக்கத் தொடங்கி நான்கு ஐந்து வயதில் முடிகிறது. முதல் கடைவாய்ப்பல் பிறக்கும்போதே தொடங்கி மூன்று வயதுக்குள் முடியும். இரண்டாம் கடைவாய்ப்பல் ஏழு எட்டு வயது வரை இழுக்கும். வாழ்நாள் முழுக்க ஒரே கிணற்று நீர் குடித்தவர்களுக்குப் பின்னால் உருவாகும் பற்கள்தான் கூடுதலாகக் கெட்டிருக்கும். அதற்கு நேர்மாறாக, முன்பற்களிலும் முதல் கடைவாய்ப்பற்களிலும் பழுப்பு, இரண்டாம் கடைவாய்ப்பல் மட்டும் காற்று அடித்தாலும் தெளிவாக நிற்கிறது என்றால், சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு நான் கேட்பது ஒன்றைத்தான்: "நாலஞ்சு வயசுல ஊர் மாறினீங்களா, இல்ல வீட்டுக்குக் காவிரித் தண்ணி வந்துச்சா?"